பன்னிரண்டு மில்லி

உஷாராணி அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பெண் வீட்டார் போனில், "தம்பி வேலை நேரம் போக என்ன செய்வாரு?" என்று கேட்டதற்கு, "வீட்லயே மாடல் பண்ணுவான்" என்றாள். பெண்ணின் அம்மா, "எந்தக் கடை விளம்பரத்துல வராரு?" என்று விசாரித்தார். அக்கா பதறிப்போய்த் தம்பி குகனின் படத்தை அனுப்பிவைத்தாள். படத்தைப் பார்த்ததும் விளம்பரச் சந்தேகம் தீர்ந்தது. சம்பந்தமும் தீர்ந்தது.

குகன் செய்வது ரயில். ஒரு சாண் நீளப் பெட்டிகள், அவற்றுக்குக் கைப்பிடி, கொண்டி, கூரையில் வரும் காற்றுக்குழல். கடையில் வாங்கி ஒட்டும் ஜாதியில்லை அவன். பித்தளைக் கம்பியை வாங்கி, சின்ன லேத்தில் மாட்டி, ஒவ்வொன்றையும் தானே கடைந்தெடுப்பான். பகலில் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் நாற்பதடி கண்டெய்னர்களை எங்கே இறக்குவது என்று லோரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவான். மாலையில் கிள்ளான் பிளாட்டுக்கு வந்து, அரிசி மணியில் பாதி இருக்கும் ஒரு குமிழில் ஓட்டை போடுவான். டிரில் பிட் தலைமுடி கனம்தான் இருக்கும். மூச்சு விட்டாலே முறிந்துவிடும், அதனால் மூச்சு விடமாட்டான்.

லேத் இருப்பது சாப்பாட்டு மேசைமேல். நாலு நாற்காலியில் ஒன்றில் பித்தளைக் கம்பி, ஒன்றில் பெயிண்ட், ஒன்றில் போன வாரத் துணி, ஒன்றில் குகன். பித்தளைச் சீவல் எப்படியோ ரசத்துக்குள் வந்து மின்னும். சாமண இடுக்கியிலிருந்து நழுவித் தெறித்த துண்டைத் தேடி டார்ச்சோடு தரையில் தவழ்வான். "எங்கடா போன? வாடா, திட்டமாட்டேன்" என்பான். சில நாட்களில் அவன் வீட்டில் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

இப்படி இருந்தவனுக்கு ஜனவரியில் ஒரு கூட்டாளி கிடைத்தாள்.

உள்ளூர் ரயில் மாடல்காரர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. செப்டம்பர் கண்காட்சிக்கு எல்லாரும் ஆளுக்கொன்று செய்து ஒரே தண்டவாளத்தில் ஓட்டுவது என்று முடிவானது. குகன் பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைச் செய்வதாகப் போட்டான். கீழே தாரா என்றொருத்தி எழுதினாள். "பாஸ், பெட்டியில ஆளுங்க உண்டா? இல்லன்னா நான் செஞ்சு தரேன்." தாராவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் பொய்ப்பல் கட்டும் லேபில் வேலை. நாள் முழுக்க மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கியது போக, மிச்ச மெழுகில் மனிதர்களைச் செதுக்குவாள்.

"பன்னெண்டு மில்லிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா, பன்னெண்டு மில்லி."

சனியன் அங்கேதான் உட்கார்ந்தது. வேறு நாட்டுக்காரனாக இருந்தால் முதலில் ஸ்கேலைக் கேட்டிருப்பான், நிஜத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று. நம் நாட்டுத் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். அதற்கு ஒத்துப்போகிற மாதிரி கடையில் கிடைப்பது பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம்தான், எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அதன்மேல் ஓடும் வண்டியைச் சிலர் எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்கிறார்கள், சிலர் எழுபத்தாறில் ஒரு பங்காக. இரண்டும் அதே தண்டவாளத்தில் ஓடும். ஆகவே நம் ஆட்கள் "பன்னெண்டு மில்லி" என்று கேட்டு, "பன்னெண்டு மில்லி" என்று பதில் வாங்கி, சொந்தக்காரர்களைக் கண்டுகொண்டதுபோல் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

தினமும் மாலையில் செய்தி வரும். "இன்னிக்கு ஒரு ஆளு. தூங்குறாரு. காஜாங்ல இறங்கணும், ஆனா இறங்கமாட்டாரு." குகன் பதில் போடுவான். "கைப்பிடி எல்லாம் முடிஞ்சுது. ஒன்னு தொலைஞ்சுது." "கிடைச்சுதா?" "காலுக்கடியில." பிப்ரவரியில் 'பாஸ்' போய் 'குகன்' வந்தது. குகன் அந்தச் செய்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பெயிண்ட் நாற்காலியைக் காலிசெய்து துடைத்தும் வைத்தான். அதில் யாரும் வந்து உட்காரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மார்ச்சில் தாரா ஒரு படம் அனுப்பினாள். பத்து சென் காசு, அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மாமியார், அவருக்குப் பக்கத்தில் மருமகன். காசின் அகலம் குகனுக்குத் தெரியும். ஆகவே திரையிலேயே வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, கணக்குப் போட்டான். மருமகன் ஆறடி தாண்டினார். சரி, உயரமான பையன் என்று விட்டான். மாமியாரை அளந்தான். அவரும் ஆறடி. மருமகன் ஆறடி இருக்கலாம். மாமியாரும் ஆறடி என்றால் குடும்பத்தில் கோளாறில்லை, ஸ்கேலில்தான் கோளாறு. தாரா எழுபத்தாறில் செய்துகொண்டிருந்தாள். குகனின் பெட்டி எண்பத்தேழு. அவள் ஆட்கள் அதில் உட்கார்ந்தால் முட்டி எதிர் பெஞ்சில் இடிக்கும். தலை ஜன்னலுக்கு மேலே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டி நிறையக் கழுத்துகள் பயணம் செய்யும்.

"தாரா, ஸ்கேல் தப்பு" என்று டைப் செய்தான். அனுப்பும் விரலை எடுத்துக்கொண்டான்.

அனுப்பினால் என்ன ஆகும்? "ஐயோ சாரி" என்பாள். ஒன்று, ஒரு வாரத்தில் நாலு பேரைத் திரும்பச் செய்து தபாலில் அனுப்பி வேலையை முடிப்பாள். இல்லையென்றால் "சரி பாஸ், வேற ஆளைப் பாருங்க" என்று விலகுவாள். இரண்டில் எது நடந்தாலும் மாலையில் போன் சும்மா கிடக்கும். குகன் எழுதியதை அழித்துவிட்டு, "மாமியார் சூப்பர்" என்று அனுப்பினான்.

அதற்குப் பிறகு மடியில் பலாப்பழத்தோடு ஒரு அம்மா வந்தார். பேப்பர் படிக்கும் கிளார்க் வந்தார். வாந்தி வருமோ என்று யோசிக்கும் ஒரு பையன் வந்தான். ஒவ்வொருவரையும் குகன் அளந்தான். ஒவ்வொருவரும் பதினாலு சதவீதம் தாராளமாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் "சூப்பர்" போட்டான்.

ஆகஸ்டில் தாரா எழுதினாள். "ஞாயித்துக்கிழமை லேப் லீவு. பிரிக்பீல்ட்ஸ் வாங்க, எல்லாரையும் ஏத்திடலாம்."

குகன் உடனே "வரேன்" என்று போட்டான், பிறகுதான் அந்த முட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த வாரம் முழுக்கப் பெஞ்சுகளை எல்லாம் கழற்றி, கால்களை மில்லி கணக்கில் குட்டையாக்கித் திரும்பப் பொருத்தினான். தலையை எப்படியோ ஜன்னலுக்குள் கொண்டுவந்துவிடலாம் போலிருந்தது. முட்டிக்கு வழியில்லை. முட்டிக்கு இடம் வேண்டுமென்றால் பெட்டியையே புதிதாகக் கட்டவேண்டும்.

பெட்டியைக் கேக் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, கோமுட்டர் ரயில் ஏறினான். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் தாரா உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் படத்தில் பார்த்திருக்கிறான். குரல்தான் புதிது, எதிர்பார்த்ததைவிடக் கட்டையாக இருந்தது.

"நீங்க ஒல்லின்னு நெனச்சேன்" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, பாக்கற வரைக்கும்."

தாரா சிரித்தாள். நுரை வர ஆற்றிய தே தாரிக் டீ சொன்னாள். பெட்டியை வெளியே எடுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். கதவுக் கைப்பிடியை நகத்தால் தொடப்போய், தொடாமல் விட்டாள். "இதைக் கடைஞ்சீங்களா? கையால?" ஒரு மனிதன் செய்ததை இன்னொரு மனிதர் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்ப்பது என்பது குகனுக்குப் பழக்கமில்லாத விஷயம். கடையின் மெனுவைப் படித்தான்.

தாரா மாத்திரை டப்பாவைத் திறந்து, தூங்குகிற ஆளைச் சாமணத்தால் எடுத்து, கூரை கழற்றிய பெட்டிக்குள் இறக்கினாள். முட்டி இடித்தது. திருப்பி வைத்தாள். இடித்தது. பலாப்பழ அம்மாவை எடுத்தாள். பலாப்பழம் முதலில் இடித்தது.

"குகன், நீங்க என்ன ஸ்கேல்?"

"எண்பத்தேழு."

"நான் எழுபத்தாறு." பலாப்பழ அம்மாவை டப்பாவின் மூடிமேல் படுக்கவைத்தாள். பிறகு மறுபடி சிரித்தாள். "பன்னெண்டு மில்லி, பன்னெண்டு மில்லின்னு ரெண்டு பேரும் கிளி மாதிரி. ஒருத்தராவது கேட்டோமா? சரி விடுங்க லா."

அவள் விட்டுவிட்டாள். குகனும் அப்படியே விட்டிருக்கலாம். தாரா பையிலிருந்து மெழுகுக் கத்தியையும் சின்ன அரத்தையும் எடுத்தாள். தூங்குகிறவரின் காலை முட்டியோடு வெட்டினாள். அடியில் அரத்தால் நாலு தேய்ப்பு. பெஞ்சில் வைத்தாள். தலை ஜன்னலுக்குள் ஒழுங்காக வந்தது. "கால் யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். அடுத்து பலாப்பழ அம்மா. அடுத்து கிளார்க். அடுத்து பையன். தே தாரிக் ஆறுவதற்குள் நாலு பேர் காலில்லாமல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மாதக்கணக்கில் குகன் பயந்துகொண்டிருந்த பிரச்சினை இவ்வளவுதான். இந்த வேகத்தில் போனால் சாப்பாடு வருவதற்குள் எல்லாரும் ஏறிவிடுவார்கள். பிறகு கைகழுவல், பிறகு "கண்காட்சியில பாப்போம்", பிறகு செய்தி அனுப்புவதற்கு ஒன்றுமே இருக்காது. அதனால்தானோ என்னவோ, பேசுவதற்கு இருந்த ஒரே சரக்கை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எனக்குத் தெரியும், தாரா. மார்ச்லயே."

"என்ன தெரியும்?"

"ஸ்கேல் வேறன்னு. மாமியார் படம் அனுப்பினீங்கல்ல, பத்து சென்னோட. அளந்து பாத்தேன்."

தாராவின் கையில் மாமியார் இருந்தார். கத்தியைக் கீழே வைத்தாள்.

"பலாப்பழ அம்மா மார்ச்சுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன."

"அந்தச் சேலை மடிப்பு எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை. கண்ணு எரியும். அப்பவும் சூப்பர்னு போட்டீங்க."

"சூப்பராத்தான் இருந்துச்சு."

"அந்த சூப்பர் அம்மா காலைத்தானே இப்ப வெட்டினேன்." குரலை உயர்த்தவில்லை. பரிமாறுகிறவர் வந்து இலை போட்டுவிட்டுப் போனார். "ஏன் சொல்லல?"

"சொன்னா ஒரு வாரத்துல திருத்தி அனுப்பியிருப்பீங்க. முடிஞ்சிருக்கும்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?"

"முடிஞ்சிருக்கும்" என்றான் குகன் மறுபடியும்.

தாராவுக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் இளகும் என்று குகன் எதிர்பார்த்திருந்தான். இளகவில்லை. மெழுகில் பிசகிப்போன பல்லைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"பாஸ்" என்றாள்.

பிப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் அந்தச் சொல் வருகிறது. டோல் சாவடியில் இருப்பவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெட்ரோல் நிலையத்தில் இருப்பவரையும் அப்படித்தான்.

"பாஸ், டீ குடிக்கலாமான்னு கேட்டிருந்தா வந்திருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் என்ன சந்திரனா? ரயில் ஏறினா வந்துடலாம். அதுக்கு ஒருத்திய உக்கார வச்சு, தப்பான அளவுல ஆளு செய்ய விட்டு, பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

டீ குடிக்கலாமா என்று கேட்கும் யோசனை உண்மையிலேயே குகனுக்கு வந்ததில்லை. பெட்டியை முழுதாகத் திரும்பக் கட்டுவதுவரை யோசித்தவன், இதை யோசிக்கவில்லை.

தாரா மாமியாரையும் மருமகனையும் மற்றவர்களையும் மாத்திரை டப்பாவில் திரும்பப் படுக்கவைத்தாள். "எழுபத்தாறுல வண்டி வச்சிருக்கறவங்க இருக்காங்க. நம்ம குழு ஜெயந்திரன் எப்பலருந்தோ கேட்டுட்டிருக்காரு. காலோட போகட்டும் இவங்க." பெட்டிக்குள் இருந்த நாலு பேரைப் பார்த்தாள். "அவங்களை நீங்களே வச்சுக்குங்க. வேற எங்கயும் ஏத்த முடியாது."

"சாப்பிட்டுப் போங்க" என்றான் குகன்.

தாரா சாப்பிட்டுத்தான் போனாள். இலை போட்ட பிறகு எழுந்துபோகும் வழக்கம் அவள் வீட்டில் இல்லை போலிருக்கிறது. அப்பளம் உடைக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. ஒருமுறை ரசத்தை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். அதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று குகன் பார்த்தான். ரசம்தான் இருந்தது.

திரும்பும் ரயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எதிரில் ஒரு ஆன்டி, மடியில் முறுக்குப் பொட்டலம். கேக் டப்பாவை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சுபாங் ஜெயா ஸ்டேஷன் தாண்டியதும் தாங்காமல் கேட்டார்.

"பர்த்டே கேக்கா தம்பி?"

"இல்ல ஆன்டி. ரயிலு."

"ரயிலயா ரயில்ல ஏத்திட்டுப் போறீங்க?"

"ஆமா ஆன்டி."

ஆன்டி நம்பாமல் பார்த்தார். குகன் மூடியைத் திறந்து காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குட்டி ஜன்னலுக்கு நேராகக் குனிந்தார்.

"அடடா, உள்ள ஆளுங்க வேற. அந்தம்மா மடியில என்ன, தலகாணியா?"

"பலாப்பழம்."

"அதானே பாத்தேன். எல்லாம் நீங்களே செஞ்சதா?"

"வண்டி மட்டும்தான் நான். ஆளுங்கள வேற ஒருத்தங்க செஞ்சாங்க."

"வீட்டுக்காரியா?"

"இல்ல ஆன்டி."

"எங்க இருக்காங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல."

"பக்கந்தானே லா" என்றார் ஆன்டி.

"பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு, குகன் மூடியைப் போட்டான்.