பேத்தை மீன் சினை

ஐந்து நொடிக்கு ஒரு தரம் அந்த ரப்பர் பையை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் புருஷனின் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். மறந்தால் அவ்வளவுதான், ஆள் முடிந்தான். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஒரே மூச்சு இயந்திரத்தில் வேறொரு நோயாளி கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரமாம். அழுத்தும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடியிருந்தாள்.

எல்லாம் அவளே இழுத்துவந்த வினை. மீன் வெட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தொட்டால் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீனில் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு, குடலையும் சினையையும் கழிவுத் தொட்டியில் கொட்டுவார்கள். அதைத் தொடாதே என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துவார். "மூணு தண்ணி கழுவி மொறுமொறுன்னு பொரிச்சா எந்த விஷம் நிக்கும்?" என்பார்கள் கூட வெட்டுகிற பெண்கள். பாவி, மேஸ்திரியை விட்டுவிட்டு அவர்களை நம்பி, சினையை வீட்டுக்கு எடுத்துவந்து பொரித்தாள். மத்தியானம் தட்டில் வைத்ததை அவன் ஒரு துண்டு விடாமல் தின்றான். அரை மணியில் உதடு மரத்தது. பிறகு நாக்கு, கை, கால், கடைசியில் மூச்சு.

அவன் அண்ணன் வந்து தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருவிழி அசையவில்லை.

"போயிட்டாம்மா. பொணத்துக்குப் போய்க் காத்தடிச்சுக்கிட்டு இருக்கே. கையை எடு. நான் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடறேன்."

"எடுக்க மாட்டேன் மாமா."

டாக்டர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"யாருங்க சொன்னது போயிட்டார்னு? நரம்புல சேதி ஓடணும்னா, அதோட சுவர்ல இருக்கிற பொடிப்பொடி வாசல் வழியா உப்புச் சத்து உள்ள போகணும். இந்த விஷம் அந்த வாசல்ல கார்க் மாதிரி அடைச்சுக்கிச்சு. அதான் எதுவும் அசையல. எடுத்துவிட மருந்து கிடையாது. ஒண்ணு ரெண்டு நாள்ல அதுவாக் கழண்டு மூத்திரத்துல போயிடும். அதுவரைக்கும் மூச்சு நிக்காமப் பாத்துக்கணும். ஆனா மூளை முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். நீங்க பேசறது அவருக்குக் கேட்கும்."

மூத்தவர் தம்பியின் பக்கம் குனிந்தார்.

"டேய், நான் உளறினதை மனசுல வெச்சுக்காதடா," என்றவர் பையை அவளிடமிருந்து வாங்கி அழுத்தத் தொடங்கினார்.

அவளுக்கு விரல்கள் நிமிரவே இல்லை. அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுற்றிக்கொண்டு போய் அவனுடைய மற்றக் காதில் வாயை வைத்தாள்.

"பொரிச்சதும் ஒரு விள்ளல் வாயில போட்டுப் பாத்தேங்க. நாக்கு நுனி விறுவிறுன்னு மரத்துச்சு. மிளகாய்தான்னு நெனச்சேன். இல்லைங்க, மிளகாயா இருக்கட்டும்னு நெனச்சேன். ஆசையாக் கொண்டுவந்தது வீணாப் போயிடுமேன்னு உங்க தட்டுல வெச்சேன்."

அவன் முகம் அப்படியே இருந்தது. கேட்டானா, கேட்டு வெறுத்தானா, அவளுக்குத் தெரிய வழியில்லை.

"எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுங்க. அதுக்காகவாவது வந்துடுங்க," என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூத்தவரிடம் கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா. நானே அழுத்தறேன்."