பெரிய லைட்

துறைமேடையின் விளிம்பில் இரண்டு கேமராப் பெட்டிகள் திறந்து கிடந்தன. மூத்தவன் ரப்பர் உடையைப் பாதி உரித்து இடுப்பில் தொங்கவிட்டு, அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பதினேழு வருடமாகத் தண்ணீருக்கடியில் மேடைத் தூண்களைத் தடவிப் பார்த்து, மேலே வந்து வாயால் சொல்லிக்கொண்டிருப்பவன். அந்தத் தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது. இப்போது கம்பெனிக்கு வாய்ப்பேச்சு போதவில்லை, வீடியோ வேண்டுமாம்.

"கலங்கல் தண்ணி உனக்குத்தான் அத்துப்படி. ரெண்டு செட்டையும் பாத்து எது வேணும்னு சொல்லு," என்றார் மேனேஜர். "எடுக்கப்போறது உன் சகலை. படிச்சவன். நல்லா எடுத்தான்னா நிரந்தரம் பண்ணிடலாம்."

மூத்தவனுக்கு வயிறு எரிந்தது. அக்காளைக் கட்டியவன் இவன். தங்கையைக் கட்டிய இளையவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் இவன்தான். மாமனார் வீட்டில் இளையவன் வாயைத் திறந்தால் எல்லாரும் காது கொடுக்கிறார்கள். இவன் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இனி, இவனுக்கே இன்னும் கிடைக்காத நிரந்தரமும் அவனுக்கு ஆகிவிட்டால் மனைவியின் பெருமூச்சை யார் கேட்பது?

முதல் செட்டில் லென்ஸின் தலைமேலேயே ஒரு பெரிய லைட். கீழே போய்ப் போட்டதும் மிதக்கிற சேறெல்லாம் வெள்ளையாக எரிந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் வெறும் பால் வெள்ளைதான். இரண்டாவதில் சின்ன லைட்டுகள் இரண்டு, நீண்ட கம்பிகளில், இரண்டு பக்கமும் தள்ளி நின்றன. வெளிச்சம் ஓரமாக வந்ததால் லென்ஸுக்கு முன்னால் இருந்த சேறு இருட்டிலேயே கிடந்தது. ஒரு சாண் நெருக்கத்தில் பிடித்தான். துருப்பிடித்த போல்ட்டின் மரைகூடத் தெரிந்தது. தடவி மட்டுமே பழகிய தூணை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தான். அழகாக இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு சகலை நிற்பான் என்று நினைத்ததும் கசந்துபோயிற்று.

சோதித்துப் பார்க்கக் கொடுத்த செட்டுகளில் கடைக்காரன் மெமரி கார்டு போடவில்லை; மேலே திரைக்குக் கேபிளும் அப்போது இழுக்கவில்லை. கீழே தெரிந்தது மூத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"பெரிய லைட்டு செட்டு, சார். வெளிச்சம் ஜாஸ்தி."

"விலையும் கம்மி," என்றார் மேனேஜர் முகம் மலர்ந்து.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் இளையவன், பெட்டியை மூடியபடி.

இரண்டு வாரம் மேனேஜர் அறைத் திரையில் பால்தான் ஓடியது. உடை மாற்றும் அறையில் இளையவன் மெல்லக் கேட்டான்.

"அண்ணே, லைட்டத் தள்ளி வச்சாத் தெரியும்னு தோணுது. நீங்க பாத்தப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கை நடுங்காமப் புடி."

மேனேஜர் இளையவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "உன் சகலைக்குத் தெரிஞ்சது உனக்கு ஏன் தெரியல?" அந்த வாரக் கடைசியில் இளையவனைச் சரக்கு இறக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"இனிமே நீயே எடு. நீ பாத்து வாங்கினதுதானே," என்றார் மேனேஜர் மூத்தவனிடம்.

"நிரந்தரம் சார்?"

"படம் வரட்டும்."

மூத்தவனுக்குச் சந்தோஷம் ஒரு நாள் இருந்தது. கேமராவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் தடவிப் பார்க்கக் கை இல்லை. ஒன்பதாம் தூணில் மனது கேட்காமல் ஒரு கையை எடுத்துத் தடவினான். கான்கிரீட் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது.

"சார், வெடிப்பு இருக்கு. நாலு விரல் உள்ள போகுது," என்றான் முகமூடிக்குள் இருந்த மைக்கில்.

"திரைல ஒண்ணும் இல்லையே."

"தொட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். மேல லாரிய நிறுத்தச் சொல்லுங்க, சார்."

"படத்துல இல்லாதத ரிப்போர்ட்ல எப்படிப் போடுறது?"

"இந்த செட்டு சரியில்ல, சார். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"நல்லாருக்குன்னு சொன்னது நீதான்யா. அடுத்த தூணுக்குப் போ."

விரல்களை எடுப்பதற்குள் தூண் அதிர்ந்தது. வெடிப்பு அவற்றை ஒருமுறை நெரித்துப் பிறகு விட்டது. மேலே காலை ஷிப்ட் லாரி ஏறியிருந்தது. சரக்கு இறக்க அதன் பின்னால் தொற்றிக்கொண்டு வருவது இளையவன்தான்.