தலைமாடு

பெட்டியை நடுவீட்டில் இறக்கிய நான்கு பேரும் கையை உதறிக்கொண்டு வெளியே போனார்கள். யோவான் மட்டும் நின்றான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டுத் தம்பியை வாங்கி வந்தவன் அவன்தான். அங்கிருந்த ஊழியர், பெட்டியின் ஒரு முனையில் ஒட்டியிருந்த சிவப்பு அம்புக்குறியைக் காட்டி, இது தலைப்பக்கம், எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்.

தம்பி ஷிபின் வெளிநாட்டில் பாராசூட்டில் குதிப்பவர்களோடு தானும் குதித்துப் படம் பிடிக்கிற வேலையில் இருந்தான். போன வெள்ளிக்கிழமை அவர்களை ஏற்றிப்போன சின்ன விமானம் தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்துவிட்டது. குதிக்கிற உயரம்கூட வரவில்லை. ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

சபைப் பெண்கள் பெட்டியை வெள்ளைத் துணியால் போர்த்திச் சுற்றிலும் குண்டூசி குத்தினார்கள். அம்புக்குறி துணிக்கடியில் போனது. ஷிபினின் படத்தை யாரோ எதிர் முனையில் வைத்தார்கள். உள்ளறையிலிருந்து கைத்தாங்கலாக வந்த அம்மா இசபெல், படத்தைப் பார்த்து, அதுதான் தலைமாடு என்று அங்கேயே உட்கார்ந்து துணியோடு முத்தமிட்டாள்.

யோவான் சொல்ல வாயெடுத்தான்.

“எனக்குன்னு இருந்தது இவன் ஒருத்தன்தான்,” என்றாள் அம்மா, யோவானின் மனைவி பூங்கனியிடம். “இனி எனக்கு ஆரு இருக்கா?”

எடுத்த வாயை மூடிக்கொண்டான். அவளுடைய மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் எதிரே நிற்கிறான். அவள் கண்ணில் படவில்லை. மயிலாடியில் அவன் கல் கொத்துகிற பட்டறைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஊர்ச் சபைக்கு ஞானஸ்நானத் தொட்டி செதுக்கிக் கொடுத்தவன் அவன். அதைப் பிரதிஷ்டை செய்த அன்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஷிபின் வானத்தில் மிதக்கிற படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். எம் பிள்ளை மேகத்துக்கு மேலேயாக்கும் நிற்கிறான் என்று பெருமை வேறு. அன்று வந்த எரிச்சல் இன்றும் குறையவில்லை. செத்தவன்மேல் பொறாமைப்பட வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டான். பேசட்டும், முத்தமிடட்டும், ஒன்றும் அவன் முகத்துக்குப் போய்ச் சேர வேண்டாம் என்று நினைத்தான்.

மூன்று மணி நேரம் அம்மா அந்த முனையோடு பேசினாள். சின்ன வயதில் நெற்றியில் பட்ட காயத்தை, முடிவெட்ட உட்கார மாட்டேன் என்று ஓடியதை. துணி அந்த இடத்தில் நனைந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்க வந்தவர், யோவானை அம்மாவின் அருகில் போகச் சொன்னார். அவன் போனான்.

“லே, தள்ளி நில்லு,” என்றாள் அம்மா திரும்பாமலே. “பிள்ளைக்கு வெளிச்சம் வரட்டு.”

கல்லறைத் தோட்டத்தில் குழி கிழக்கு மேற்காக வெட்டியிருந்தது. கர்த்தர் வருகிற நாளில் கிழக்கைப் பார்த்து எழும்ப வேண்டும் என்பதால் தலையை மேற்கே வைப்பார்கள். குழிவெட்டும் சூசை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

“அண்ணே, தலமாடு எது?”

எல்லோரும் யோவானைப் பார்த்தார்கள். அம்மா அந்த முனையை விடாமல் பிடித்திருந்தாள். அழுது அழுது அவள் உதடு தடித்துப் போயிருந்தது. உண்மையைச் சொன்னால் தம்பி சரியாகப் படுப்பான். அவள் பேசியதெல்லாம் அவனுடைய பாதத்தோடு என்பதும், அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சும்மா நின்றான் என்பதும் தெரிந்துவிடும்.

“அம்ம பிடிச்சிருக்க பக்கம்,” என்றான்.

பெட்டியைத் திருப்பி இறக்கினார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் அம்மா மேற்குப் பக்கம் நின்று மண் போட்டாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே வரிசையாக வந்து அங்கேயே போட்டார்கள். யோவான் குழியைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனான். அங்கே யாரும் இல்லை. அள்ளிய மண்ணில் ஒரு கல் கிடந்தது. அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை விரலால் பொடித்து, முகத்தில் விழாதபடி ஓரமாகப் போட்டான்.