காலிக் குடமும் மகிழினியும்

வியாசர்பாடி குடியிருப்பில் தண்ணி லாரியை முதலில் பார்ப்பவர் காலிக் குடத்தைத் தட்ட வேண்டும். மாடி வீட்டுக்காரர்களுக்கு அதுதான் தகவல். ராஜாத்தியின் ஐந்து வயது மகள் மகிழினிக்கோ அதுதான் மேளம். சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டே படியிறங்குவாள்.

போன வாரம் அப்படி ஆடியவள் நிரம்பிய குடத்தில் மோதிவிட்டாள். தண்ணீர் அத்தனையும் தரையில். ஆத்திரத்தில் ராஜாத்தி எல்லாரும் பார்க்க முதுகில் ஒன்று வைத்தாள்.

"பொட்டப் புள்ளைக்கு ரோட்ல இன்னாடி ஆட்டம்?"

அன்றோடு ஆட்டம் நின்றது. ராஜாத்தி கேட்டது கிடைத்துவிட்டது, வீடுதான் வெறிச்சென்று போனது. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா தீனா ஒரு கையில் சாக்லேட்டும் மறு கையில் போனுமாக, "கண்ணு, நைனாவுக்கு ஒரே ஒரு ஸ்டெப்பு" என்று கெஞ்சினான். பிள்ளை சாக்லேட்டை வாங்கிக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நின்றது. ஆடச் சொன்னால் எந்தப் பிள்ளை ஆடும்? இந்த விஷயத்தில் பெரியவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுதான்.

"நீ அட்ச்சிட்ட. நான் கெஞ்சினா ஆடுமா?" என்றான் தீனா. ராஜாத்திக்குச் சுருக்கென்றது.

இன்று லாரியை முதலில் பார்த்தவள் ராஜாத்தி. இடுப்பில் இருந்த குடத்தைத் தட்டினாள். மகிழினி சுவரோரம் கைகட்டி நின்றாள். ராஜாத்தி இன்னும் வேகமாகத் தட்டினாள். பிள்ளை அசையவில்லை.

எதிர்வீட்டு ஷம்ஷாத், "எல்லாரும் வந்தாச்சு ராஜாத்தி. இன்னும் யாருக்குத் தட்டிகினு கீற?" என்றாள்.

ராஜாத்திக்குக் கால்தான் எழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆடியே அறியாத இடுப்பு, குடத்தோடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றியது. தண்ணி லாரி டிரைவர் வாயைப் பிளந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

மகிழினி ஓடி வந்து குடத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கொடத்த கீழ வச்சிட்டு ஆடும்மா. வுழுந்துச்சின்னா அடிப்பாங்க."

ராஜாத்தி குடத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே யாரும் அடிக்க மாட்டாங்க கண்ணு."

நம்பலாமா என்று மகள் அவள் முகத்தையே பார்த்தாள். அதற்குள் ஷம்ஷாத் தன் குடத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். தண்ணி வரிசை அவர்களைத் தாண்டித் தாண்டிப் போக, தாயும் மகளும் ஆடினார்கள்.

கடைசியில் கிடைத்தது அரைக் குடம் தண்ணீர். அதிலும் பாதியை மகிழினி படியில் ஆடி இடித்துக் கொட்டினாள். கொட்டியதும் அப்படியே நின்று அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி சிரித்துவிட்டு, துடைக்கத் துணி தேடினாள்.