மாப்பிள்ளைத் தோழனும் பன்னிரண்டு அணிகளும்

பாலேஸ்வரிக்கு அமெரிக்கர்கள் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. கனடாவில் மார்க்கம் நகரத்து வீட்டின் ஹீற்றரை நிறுத்திவிட்டு, அந்தக் கோபத்தை வைத்தே நவம்பர் முழுவதையும் ஓட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

காரணம், மகள் சுபாங்கியின் கலியாணம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இரண்டு சனிக்கிழமைகளைச் சொன்னார். ஒன்று நவம்பர் கடைசியில், மற்றது டிசம்பர் தொடக்கத்தில். அதை விட்டால் மார்கழி வந்துவிடும், தை பிறக்கும்வரை தாலி ஏறாது. மகன் மிதுனன் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஓக்பெரி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அவர்களுடைய ஃபுட்போல் அணியில் விளையாடுகிறான். அவனுடைய ஆட்டங்கள் நவம்பர் கடைசிச் சனியோடு முடிவதைக் கலண்டரில் பார்த்துவிட்டுத்தான் பாலேஸ்வரி டிசம்பரில் விரலை வைத்தார். கலியாண ஹோல் புக் ஆனது. அழைப்பிதழ்கள் ஸ்காபரோ முதல் பிக்கரிங் வரை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

மிதுனன் இல்லாமல் இந்தக் கலியாணம் நடக்காது. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போகவேண்டியவன் அவன். கால் கழுவியதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடவேண்டும். செம்பைத் தூக்கிக் கொடுக்க ஒன்றுவிட்ட தம்பிமார் பத்துப் பேர் நிற்பார்கள்தான். ஆனால் சுபாங்கி ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள்.

"தம்பி வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன். டேற்றை மாத்துங்கோ, இல்லாட்டி என்னை மாத்துங்கோ."

மிதுனன் அணியில் கிக்கர், பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். ஸ்காபரோ மைதானங்களில் உதைபந்து ஆடி முறுக்கேறிய கால் அவனுடையது. பாலேஸ்வரி முதன்முதலாக அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது திகைத்துப்போனார். பெயர் ஃபுட்போல், ஆனால் குதிர் போன்ற ஆட்கள் எல்லாரும் பந்தைக் கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒழுங்காகக் காலால் உதைத்தவன் தன் பிள்ளை ஒருத்தன்தான். அப்போதே அவருக்கு அந்த நாட்டின் மீது சந்தேகம் விழுந்துவிட்டது.

போன வருடம் ஓக்பெரியை வெல்லாத அணி எதுவென்றால், அது மைதானத்துக்கு வர மறந்த அணி. அதை நம்பித்தான் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். இந்த வருடம் என்ன தின்றார்களோ தெரியாது, செப்டம்பரில் வெல்லத் தொடங்கியவர்கள் நிறுத்தவே இல்லை. நவம்பர் நடுப்பகுதியில் ஒருநாள், பாலேஸ்வரியின் கணவர் ஜெயரட்ணம் பிட்டைக் குழம்போடு குழைத்தபடி மெதுவாகத் தொடங்கினார்.

"இஞ்சாரும், உவங்கள் இப்பிடியே வெண்டுகொண்டு போனால் ஒரு சின்னச் சிக்கல் இருக்கு."

"என்ன சிக்கல்?"

"கொன்பரன்ஸ் எண்டு பதினாறு ரீம் சேந்த ஒரு கூட்டம். அதில முதல் ரெண்டு இடத்துக்கும் வாற ஆக்கள் சம்பியன்சிப்புக்கு இன்னொரு மட்ச் விளையாடவேணும்."

"எப்ப?"

ஜெயரட்ணம் பிட்டைத் தேவைக்கு மேல் குழைத்தார். "டிசம்பர் முதல் சனி."

அகப்பை சட்டிக்குள் விழுந்த சத்தம் பக்கத்து ஊரான றிச்மண்ட் ஹில் வரை கேட்டிருக்கும். "பஞ்சாங்கம் பாத்து வச்ச நாளில மட்ச் வைக்க உவைக்கு ஆர் சொன்னது?"

"அவை அம்பது வருசத்துக்கு முதலே வச்சிருப்பினம். நாங்கள்தான் கேக்கேல்லை."

"அப்ப அவன் சம்பியன் ஆகாட்டி எல்லாம் முடிஞ்சுதோ?"

"இல்லை. கடைசியில, கலியாணத்துக்குப் பிறகு, நாடு முழுக்க இருந்து பன்னிரண்டு ரீம் மோதுற பிளேஓஃப் இருக்கு. முந்தி நாலு, இப்ப கூட்டிப்போட்டினம். அஞ்சு இடம் கொன்பரன்ஸ் சம்பியன்மாருக்கு. மிச்சம் ஏழையும் ஒரு கமிற்றி ஹோட்டலில இருந்து தெரிவுசெய்யும்."

"சம்பியன் ஆகாதவையும் போகலாமோ?"

"கமிற்றிக்குப் பிடிச்சால் போகலாம்."

"அப்ப சம்பியன்சிப் மட்ச் என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் அமெரிக்கா முழுவதும் தேடினாலும் கிடைத்திருக்காது. ஆனால் பாலேஸ்வரிக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த வெள்ளி றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, வக்கீல் எழுதிக் கொடுத்ததுபோல ஓட்டை இல்லாமல் நேர்ந்தார். பிள்ளை உதைப்பதெல்லாம் கம்பத்துக்கு நடுவே போகவேண்டும். அணி மூன்றாம் இடத்தில் நிற்கவேண்டும். கமிற்றிக்கு அவர்களைப் பிடிக்கவேண்டும். நடந்தால் ஒரு மூட்டை தேங்காய்.

நவம்பர் கடைசிச் சனி. ஆட்டத்தின் கடைசிச் செக்கனில் மிதுனன் உதைத்த பந்து இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவே போனது. இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தில் பட்டிருக்கும் என்று ஜெயரட்ணம் இன்றும் சாதிக்கிறார். ஓக்பெரி வென்றது. முதல் இடத்தில் ஓர் அணி ஏற்கெனவே அசையாமல் இருந்தது. இரண்டாம் இடத்தில் ஓக்பெரியும் வெஸ்ற்பிறிட்ஜ் என்ற அணியும் சமமாக நின்றன.

"ரெண்டு பேரும் விளையாடினவையோ? ஆர் வெண்டது?" என்றார் பாலேஸ்வரி.

"விளையாடவே இல்லை. பதினாறு ரீமும் ஒருத்தரோட ஒருத்தர் விளையாட நேரம் காணாது. ரெண்டு பேருக்கும் பொதுவான எதிராளியளைப் பாத்தாலும் சமன். இப்ப, நாங்கள் விளையாடின ரீமுகள் எத்தினை வெண்டது, அவை விளையாடின ரீமுகள் எத்தினை வெண்டது எண்டு பாப்பினம்."

"இதென்ன கலியாணப் பேச்சே? பெடியன் எப்பிடி எண்டு கேக்காமல், பெடியன்ர மாமான்ர மச்சான் ஆர் எண்டு கேக்கினம்."

"அதேதான். கிறேலன்ட் எண்டு ஒரு ரீம், நாங்கள் செப்டம்பரில அடிச்ச ஆக்கள். அவை இப்ப விளையாடினம். வெண்டால் எங்கட கணக்குக் கூடும், நாங்கள் சம்பியன்சிப் மட்சுக்கு உள்ள. தோத்தால் வெளியில."

பெயரே கேள்விப்படாத இரண்டு அணிகளின் ஆட்டத்தைப் பாலேஸ்வரி மூச்சுவிடாமல் பார்த்தார். கிறேலன்டின் கிக்கர், மிதுனனைவிட மெலிந்த ஒரு பெடியன், கடைசியில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. நேர்த்தி பலித்துவிட்டது. ஓக்பெரி மூன்றாம் இடம்.

சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, we're out. சனிக்கிழமை நான் free. அக்காட்டச் சொல்லுங்கோ, I'll be there."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் 'சாப்பிட்டனியோ' என்று கேட்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டான். அவனுக்கு இது கடைசி வருடம்.

போனை வைத்துவிட்டுப் பாலேஸ்வரி கணவரின் பக்கம் திரும்பினார். ஹீற்றர் தேவைப்படாத கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

"என்ர பிள்ளை உதைச்சது உள்ள போனது. ஆரோ பெத்த பிள்ளை உதைச்சது வெளியில போனதுக்கு இவன் ஏன் வெளியில நிக்கவேணும்?"

"நீர் நேந்தது நடந்திருக்கு. சந்தோசப்படுமன்."

"பிள்ளையாரிட்ட கேட்டனான்தான். உந்த முறையில தாங்கோ எண்டு கேக்கேல்லை."

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மிதுனன் வேட்டியோடு குந்தியிருந்து காலைக் கழுவியபோது மாப்பிள்ளை துஷாந்த் குனிந்து, "மச்சான், உன்ர காலை நான் கழுவியிருக்கவேணும்" என்றான். மோதிரம் விரலில் ஏறியபோது சுபாங்கி மேக்கப் கரைய அழுதாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் முந்நூறு பேரும் வாழையிலையில் பாதிக் கண்ணும் போனில் ஒன்றரைக் கண்ணுமாக இருந்தார்கள். அங்கே சம்பியன்சிப் ஆட்டத்தில் வெஸ்ற்பிறிட்ஜ் நாற்பது புள்ளிகளால் உதைபட்டுக்கொண்டிருந்தது. பாலேஸ்வரி தம்பதிகளுக்கு அறுகரிசி தூவி வாழ்த்திய கையோடு அருகில் நின்ற ஐயரிடமே கேட்டார்: "சொல்லுங்கோ ஐயா, எங்கட பெடியள் இதைவிடக் கேவலமாத் தோத்திருப்பினமோ?" ஐயருக்கு மந்திரம் தடுமாறியது.

மறுநாள் ஞாயிறு. கமிற்றி முடிவு சொல்லும் நாள். மிச்ச வடையும் மிச்ச உறவினரும் நிறைந்த வீட்டில் ரிவியில் ஒவ்வோர் அணியாக அறிவித்தார்கள். பதினோரு பெயர் போய்விட்டது. ஓக்பெரி இல்லை. மிதுனன் புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"ஹோட்டலில இருந்து திண்டுபோட்டு, சம்பியன் இல்லாததுகளையும் எடுக்கினம்" என்று பாலேஸ்வரி பொரிந்தார். "என்ர பிள்ளை போனால்தான் அவைக்கு இடம் காணாதாம். என்ன கமிற்றி இது? கோயில் கமிற்றியைவிட மோசம்."

பன்னிரண்டாவதாக ஓக்பெரியின் சின்னம் திரையில் வந்தது. மிதுனன் தாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கீழே இறக்கிய பிறகுதான் அவர் திகதியைப் பார்த்தார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனி, எதிரணியின் மைதானத்தில். அதே சனி, அதே மாலை, மாப்பிள்ளை வீட்டார் பிக்கரிங்கில் வரவேற்பு வைத்திருந்தார்கள்.

ஜெயரட்ணம் சுவரைப் பார்த்தார். பாலேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"சம்பந்தி, நான் பாலேஸ்வரி. வரவேற்பு விசயமா ஒரு கதை. அது மார்கழிக்குள்ள வருதெல்லே. நல்ல காரியத்தை மார்கழியில வைக்கிறது பிழை எண்டு இப்பதான் மனதில பட்டது."

"போன மாதம் நீங்கள்தானே சொன்னனீங்கள், வெறும் சாப்பாடு, அதுக்கு நாள் பாக்கத் தேவையில்லை எண்டு."

"அப்ப யோசிக்கேல்லை. தைக்குத் தள்ளுவம்."

மறுமுனையில் துஷாந்தின் தகப்பன் நாகேந்திரம் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தியம்மா, கோவிக்காதேங்கோ. நாங்களும் ரிவிக்கு முன்னாலதான் இருந்தனாங்கள். உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது எண்டு முழிச்சுக்கொண்டிருந்தம். ஹோலுக்குப் போன் எடுத்துத் தையில ஒரு நாள் கேட்டாச்சு. துஷாந்த் மட்சுக்கு ரிக்கெற்றும் எடுத்திட்டான். எங்கட வீட்டில எல்லாருக்கும்."

பாலேஸ்வரி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"உங்கட வீட்டில எல்லாருக்குமோ?" என்றார். "பெத்தவள் நான் ஒருத்தி இஞ்ச இருக்கிறன், எனக்கு ரிக்கெற் எடுக்கிறதுக்கும் ஒரு கமிற்றி கூடவேணுமோ?"