பாதித் தட்டு

அம்மாவின் கட்டைவிரலில் இருந்த கறை போகவில்லை. மகள் ஈரத்துணியில் இன்னும் கொஞ்சம் சோப்பைத் தடவி மறுபடியும் தேய்த்தாள். காய் நறுக்கி நறுக்கி நகக்கண்ணுக்குள் இறங்கிவிட்ட கறுப்பு அது.

"விடும்மா," என்றாள் அத்தை. "போற கைக்கு இனிமே என்ன கறை?"

மகள் விடவில்லை.

அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கியவள். பாதத்தில் வந்த கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், நஞ்சு ரத்தத்தில் ஏறி, நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சர்க்கரை என்று சொன்னதும் எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். பிறகு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"வாயைக் கட்டலையோ?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் பதில் சொன்னார். "எங்க கட்டினா? சோத்தைக் கண்டா விடமாட்டா. டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு."

"அப்பா, போதும்பா," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். மாத்திரையை விடாதீங்க, மாத்திரை மட்டும் போதாது, தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும், முதலில் அதைச் சாப்பிடுங்க, சோறு கால் பங்கு போதும் என்றார். அம்மா சிரித்தாள். "நாள் பூரா காயோடதான் டாக்டர் குடித்தனமே பண்றேன்." டாக்டரும் சிரித்தார். அந்தக் காயை யார் சாப்பிடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

விடியுமுன் கேன்டீனுக்குப் போனால் அம்மா திரும்புவது பொழுது சாய்ந்துதான். ஷிப்டு ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே சமையல்கட்டு ஆட்கள் உட்காரலாம். அதற்குள் காய்ச்சட்டி கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். சோறு மிஞ்சியிருக்கும். காலையிலிருந்து நின்ற பசிக்கு, இருப்பதை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். இரவு ஒரு வேளைதான் மகள் கையால் காய் விழும்.

கேன்டீன் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவளை எல்லோரும் வெங்காயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் சர்க்கரை. கால் மரத்துப்போய் செருப்பு நழுவினாலும் தெரியாமல் நடந்து வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வரமாட்டேங்குது," என்றாள். "அத்தனையும் வெங்காயத்துக்கே கொட்டியாச்சு. தப்பா நினைக்காதே கண்ணு."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேன்டீன் மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். வளையத்தை வைத்துவிட்டுக் கண்களை மூடி நின்றார். பொய்யான ஆள் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"தங்கமான மனுஷி. உடம்பைத்தான் பாத்துக்கலை. நானே எத்தனையோ தடவை சொன்னேன், காய் நிறைய சாப்பிடுங்கம்மான்னு. கேன்டீன் சுவர் பூரா ஒட்டியிருக்கோமே, பாதித் தட்டு காய்னு! அதுக்கப்புறம் எங்க ஆளுங்க பல பேருக்கு சுகர் கட்டுக்குள்ள வந்திருக்கு. ஹெட் ஆபீஸ்லேர்ந்தே பாராட்டினாங்க."

"தெரியும் சார்," என்று மகள் எழுந்து வந்தாள். "அந்தக் காயை நறுக்கினது எங்கம்மா."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கையிலயே வச்சுக்கிட்டு…"

"நீங்க ஒட்டினப்புறம் எல்லாரும் ரெண்டு ரெண்டு கரண்டி வாங்கினாங்க. இவங்க உட்காரும்போது சட்டியில என்ன இருந்துச்சு?"

மேனேஜர் வெங்காயக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா."

"சோறு இருக்கும். சோத்துக்குக் குறையே இல்ல."

"நான் வீட்டுலேர்ந்து டப்பாவுல காய் வச்சுக் குடுத்தேன். கேட்டுல பிடுங்கி வச்சுக்கிட்டாங்க."

"அது ரூல்ஸ்மா. கிச்சன் ஆளுங்க டப்பா கொண்டுவந்தா, போகும்போது அதுல என்ன போகுதுன்னு யாரு பாக்குறது? உங்கம்மாவைச் சொல்லலை. பொதுவா."

"பொதுவா," என்றாள் மகள்.

வெங்காயக்கா தரையைப் பார்த்தபடியே பேசினாள். "ஒருநாள் நறுக்கும்போது உங்கம்மா ஒரு துண்டு கேரட்டை வாயில போட்டுக்கிச்சு. சார் பாத்துட்டாரு. 'கிச்சன்ல முயல் வளக்குறோமா?'ன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அதுவும் சிரிச்சுது. அப்புறம் ஒரு நாளும் வாயில வைக்கலை."

"அட, அது தமாஷுக்கு…" மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார்.

"துக்கத்துக்கு வந்தவர்கிட்ட என்ன பேச்சு இது?" என்று அப்பா எழுந்தார்.

"நீங்க காலைலேர்ந்து வந்தவங்ககிட்ட எல்லாம் பேசலையா? வாயைக் கட்டலை, வாயைக் கட்டலைன்னு. கேன்டீன்ல கட்டித்தான் வச்சிருந்தாங்கப்பா. சோத்துக்கு மட்டும் அவுத்து விட்டாங்க."

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மாவைத் தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது தெருவில் மேஜை நாற்காலி போட்டிருந்தது. மேனேஜர் சொல்லிக் கேன்டீனிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. ஆண்கள் வழக்கம்போல் போய் உட்கார்ந்தார்கள். அப்பா மேனேஜரைக் கையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தார். கேன்டீன் பெண்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கால் கழுவின ஈரம் காயுமுன் கரண்டிகளைத் தேடி எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மகள் வந்து வெங்காயக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"உட்காருங்க."

"நாங்க அப்புறமா…"

"இப்பவே. எல்லாரும் உட்காருங்க."

வேறு இடம் இல்லாததால் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள், தப்பு செய்து பிடிபட்டவர்கள் போல. மகள் காய்ப்பாத்திரத்தைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"சார் தட்டு காலியா இருக்கும்மா," என்றார் அப்பா, மேஜையிலிருந்து, மெல்லிய குரலில்.

"இருக்கட்டும்பா."

முதல் கரண்டி வெங்காயக்காவின் தட்டில் விழுந்தது. இரண்டாவதற்குக் குனிந்தபோது அவள் சட்டென்று தட்டின் மேல் கையை விரித்து மூடினாள்.

"போதும் கண்ணு. அங்க ஆளுங்க இருக்காங்க."

மகள் கரண்டியை அந்தக் கைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு துளி சாறு புறங்கையில் விழுந்து மணிக்கட்டுப் பக்கம் வழிந்தது. வெங்காயக்கா அதைத் துடைக்கவில்லை.