ஸ்கேல் வைத்து வெட்டிய கல்வாழை

“4-8-1957, ஞாயிறு. பூத்து முடிந்த கல்வாழைத் தண்டுகளோடு மொட்டு வைத்தவற்றையும் வெட்டிவிட்டேன்.”

நாட்குறிப்பில் இப்படி எழுதிய, மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கும் ராசுவுக்கு எதையும் அளந்து செய்தால்தான் நிம்மதி. ஆனால் அந்தக் கல்வாழைக் கிழங்குகள் மனைவி செங்கமலம் ஆலங்குடியில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஊருக்குப் போயிருந்தவள் திரும்பியதும் என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் நேரே பாத்திக்குத்தான் போனாள்.

“எல்லாம் ஒரே மட்டமா இருக்கு. ஸ்கேல் வச்சா வெட்டுனீங்க?”

“ஆமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணைக் கிளறி, கிழங்கில் சிவந்திருந்த முளையைக் காட்டினாள்.

“பொழச்சுக்கும். ஸ்கேலை மட்டும் இங்கிட்டுக் கொண்டாராதீங்க.”

இரவு ராசு மேலும் எழுதினான்: “நாளை கிழங்குகளைப் பிரித்து, செங்கமலம் காட்டும் இடத்தில் நட வேண்டும்.”